பாப்பாவும் சபாபதி சாரின் விசிலும்

குன்னூர்
29.5.1988

அன்பு மகன் சிரஞ்சீவி ஏகநாதனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா சுகம், நான் சுகம், பாப்பா சுகம். கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை படித்துக்கொள், பாப்பா சுகம், இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு ப்ளம்ஸ் பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டு அண்ணனுக்கு என்னம்மா எழுதறீங்க என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். அந்த விசாகப்பட்டினத்து வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தது. கோபத்தில் எழுதியது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தே விட்டது. அடுத்த குவார்ட்டர்ஸ் கருணாகரன் டிரெய்னிங்குக்காக உங்கள் டாக்யார்டுக்கு வந்தவன், பாப்பா ஸ்கூலில் கூட்டிப்போன குளத்தில் முழுகிவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்புறம் எழுந்தாளா இல்லையா என்று சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டானாமே. சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், எதையும் பாதியில் விட்டுவிடுவான். நீ வேலையை உதறிவிட்டு வரவும் வேண்டாம், கேஸ் போடவும் வேண்டாம், அவளை அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு, மிச்சம் இருந்தால்.

அதற்கு முன் வீட்டு விஷயம். சீசன் கூட்டம் தாங்க முடியவில்லை, பஸ்ஸில் நம் ஆட்களுக்கு நிற்கக்கூட இடம் கிடையாது, வருகிறவர்கள் எல்லாரும் மலைக்கு வந்துவிட்டு என்ன இவ்வளவு குளிர் என்று நம்மிடமே கேட்கிறார்கள். போன வாரம் காட்டெருமை ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து நம் பீன்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போனது, உங்கப்பா ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு ரொம்ப வீரமாக அதட்டினார். அவருக்கு மூட்டுவலி பரவாயில்லை, பேக்டரியில் இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நீ அனுப்பிய முந்திரிப்பருப்பு வந்தது, பாதி பார்சல் பிரித்த அன்றைக்கே காலி, யார் தின்றது என்று நான் சொல்ல மாட்டேன், எட்டிப் பார்க்கிறவளுக்குத் தெரியும்.

சரி, இப்போது அந்தக் குளம். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பாப்பாவின் வகுப்புப் பிள்ளைகளைக் கீழே காரமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் புதிதாகக் கட்டியிருக்கும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். நம் மலையில் நீச்சல் தெரிந்த பிள்ளை எது, பனியில் பல் தேய்க்கவே வெந்நீர் கேட்கிற ஜாதி நாம். ஒரு வாரம் முழுக்க இங்கே வீட்டுக்கு வீடு அதே பேச்சு. பள்ளியிலிருந்து வந்த சீட்டில் டிபன் பாக்ஸ் கொண்டு வரணும், மாற்றுத் துணி கொண்டு வரணும், எலுமிச்சம்பழம் கொண்டு வரணும் என்றெல்லாம் இருந்தது, உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் எல்லா அம்மாக்களும் ஒரே குரலில் என்ன சொல்லி அனுப்பினோம் தெரியுமா, சுவெட்டரைக் கழற்றாதே என்றோம். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள், பாதிப் பேர் சுவெட்டரோடேயே குளத்தில் இறங்கியிருக்கிறார்கள். நீ சிரிக்கிறாய், நானும் இப்போது சிரிக்கிறேன், ஆனால் நனைந்த கம்பளி என்ன கனம் கனக்கும் என்று துவைக்கிறவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள், கூடப் போனது மூன்றே பேர். பெரிய டீச்சர், சாந்தாமணி டீச்சர், பி.டி. மாஸ்டர் சபாபதி சார். பர்லியார் தாண்டுவதற்குள் சாந்தாமணி டீச்சர் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார், போய்ச் சேர்ந்தும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பெரிய டீச்சர் தோப்பில் சாப்பாட்டுப் பாத்திரங்களை எறும்பு வராமல் பார்த்துக்கொண்டார். குளத்துக்கென்று சம்பளம் வாங்குகிற காவல்காரர், கொஞ்ச நேரம் பாத்துக்குங்க சார் என்று சொல்லி ரோட்டுக்கடைக்கு டீ குடிக்கப் போனார். ஆழம் இங்கே ஆரம்பம் என்று காட்டுவதற்காகக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பார்களாம், அதைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். ஆக மிஞ்சியது சபாபதி சார் ஒருத்தர், நாற்பது பிள்ளைகளுக்கு. அவருக்கும் நீந்தத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

நீயும் அதே பள்ளியில் படித்தவன்தான், ஆனால் உன் காலத்தில் விசில் பழக்கம் இல்லை, அதனால் அதைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்காட்டு வழியாக வரும்போது மேகம் மூடி ஒரு பெண் சரிவில் இறங்கிக் காணாமல் போய்விட்டாள், சாயந்திரம்தான் கிடைத்தாள். அன்றிலிருந்து சபாபதி சார் ஒரு ஒழுங்கு வைத்தார், நல்ல ஒழுங்குதான், குறை சொல்ல மாட்டேன். குட்டையான பிள்ளை முன்னால், உயரமான பிள்ளை பின்னால் என்று வரிசை. விசில் ஊதினால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே காலை ஊன்றி நின்றுவிட வேண்டும், ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது, சார் வந்து தோளைத் தொடும்வரை. நின்றபடியே முன்னாலிருந்து ஒவ்வொருத்தராகத் தன் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், முன்னால் நிற்கிறவள் சொல்லாமல் பின்னால் நிற்கிறவள் சொல்லக் கூடாது. நம் பாப்பாதான் பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டாளே, அவள் கடைசிக்கு முந்தி, கடைசி அவள் சிநேகிதி லோயிஸ். பள்ளியில் பாப்பா என்று கூப்பிட மாட்டார்கள், பாலாமணி என்று முழுப்பேர் சொல்லவேண்டும்.

குளத்திலும் சார் அதே வரிசையில் இறக்கியிருக்கிறார். குட்டைப் பிள்ளைகள் படிக்கட்டுப் பக்கம், மற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே, பாப்பாவும் லோயிஸும் கடைசியில். கயிறு இல்லையா, தரை எங்கே சரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. லோயிஸுக்குப் பயம், அதனால் பாப்பா அவளைத் தாண்டி ஒரு எட்டு முன்னால் போய், இங்கேயும் நிற்க முடியுதுடி என்று காட்டியிருக்கிறாள், இந்த வீட்டில் பிறந்த வீராப்பு. கழுத்துவரை தண்ணீர். கரையிலிருந்து சார் பார்த்துவிட்டார், பார்த்த பயத்தில் விசிலை எடுத்து ஊதினார். திரும்பி வா என்றுதான் அவர் ஊதியது. ஆனால் பிள்ளைகள் கற்றது வேறு. நாற்பது பேரும் பொம்மை மாதிரி அங்கங்கேயே நின்றுவிட்டார்கள். பாப்பாவும் சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, அட்டென்ஷனில் காலை ஊன்றி நின்றாள், சரிவில். மேகத்தில் நின்றவள் பிழைப்பாள், தண்ணீரில் நின்றால் என்ன ஆகும், கால் வழுக்கிச் சத்தமில்லாமல் கீழே போய்விட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லையாம். எல்லாரும் நிற்பதைப் பார்த்து சார் அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறார்.

பழக்கதோஷத்தில் பிள்ளைகள் பேர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அஞ்சலை என்றாளாம் முதல் பெண், அப்படியே ஒவ்வொரு பேராக வந்து, பாப்பாவின் முறையில் நின்றுவிட்டது. லோயிஸ் காத்திருந்தாள். தன் பேரைச் சொல்ல வாய் திறந்தவள், முன்னால் இருக்கிறவள் சொல்லாமல் சொல்லக் கூடாதே என்று திரும்பிப் பார்த்து, பாலாமணி பேரு வரலீங்க சார், பாலாமணி பேரு வரலீங்க என்று அலறியிருக்கிறாள். சபாபதி சார் ஷூவோடு, வாட்ச்சோடு, நீச்சல் தெரியாத மனுஷன், அப்படியே குதித்துவிட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துழாவி இவள் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறார், அவர் சட்டைக் காலரை லோயிஸ் பிடித்துக்கொண்டாள். காவல்காரர் டீ கிளாசும் கையுமாக ஓடி வந்து மற்ற பிள்ளைகளைக் கரையேற்றினார். கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்ட, இவள் இருமி, தண்ணீரைக் கக்கி, மூச்சு வந்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, பாலாமணி என்று தன் பேரைச் சொன்னாள். முறை தவறக்கூடாதாம். உடனே லோயிஸ் அழுதுகொண்டே லோயிஸ் என்றாளாம். இதை எழுதும்போது எனக்குக் கண் மறைக்கிறது, சிரிப்பா அழுகையா என்று கேட்காதே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரிய டீச்சர் எல்லாரிடமும், ஊட்ல போய் ஒண்ணும் சொல்லாதீங்க, அம்மாங்க பயந்துக்குவாங்க என்று சொல்லியனுப்பினார். நம்மவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், உள்ள போனியே, கையக் கால ஆட்டிப் பாக்கலையா கண்ணு என்று. அதற்கு அவள், இல்லீங்கம்மா, நின்னா சார் வந்து தொடுவாருன்னு மூச்சப் புடிச்சுட்டு நின்னேன் என்றாள். அப்போதுதான் எனக்கு நெஞ்சு பதறியது, அதுவரை இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையை வளர்த்துவிட்டோம் என்று பெருமைப்பட்டவள்தானே நான்.

மறுநாள் காலையில் குக்கர் விசிலடித்தது. குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டு போன பாப்பா நடு வீட்டில் அப்படியே நின்றுவிட்டாள், முகம் வெளுத்துவிட்டது. நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். அடுத்த விசிலுக்கும் அப்படியே. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவும் மாட்டேன் என்றாள். குளத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள், பயம் மட்டும் இன்னும் அவளை விடவில்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

குடையை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனேன், உங்கப்பா பின்னாலேயே ஓடி வந்தார், நான் யாரையாவது அடித்துவிடுவேன் என்று அவருக்குக் கவலை. அதற்குள் நிறையப் பெற்றோர் வந்துவிட்டார்கள், சபாபதி சாரை வேலையை விட்டு அனுப்பணும் என்று ஒரே கூச்சல். பெரிய டீச்சர் எழுந்து, இனிமேல் நம்ம பிள்ளைங்களத் தண்ணி இருக்கற பக்கமே கூட்டிட்டுப் போக மாட்டோமுங்க, போதுங்களா என்று கேட்டார், எல்லாரும் போதும் என்றார்கள். எனக்கு வந்தது பார் கோபம். ஏனுங்க டீச்சர், கயிறு இல்ல, காவலாளு இல்ல, நாப்பது புள்ளைக்கு ஒருத்தரு, நீங்க எறும்பு ஓட்டிட்டு இருந்தீங்க, அதையெல்லாம் சரி பண்ணாம தண்ணியக் குத்தம் சொல்றீங்களா, எம்புள்ள ஆயுசுக்கும் குக்கருக்குப் பயந்து நிக்கோணுமா என்று கேட்டேன். குக்கர் என்றதும் யாருக்கும் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன், இன்னும் நாலைந்து அம்மாக்கள் எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க என்றார்கள். சபாபதி சார் மூலையில் நின்றுகொண்டிருந்தார், ஒரே ஜோடி ஷூ போலிருக்கிறது, காயாததால் வெறுங்கால். நான் வரச் சொல்லித்தானுங்கம்மா ஊதினேன், அதுங்க நின்னிருச்சுங்க என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். திட்டுவதற்கு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன், பாதிதான் திட்ட முடிந்தது. தெரியாத தண்ணியில புள்ளைகள எறக்கினது உங்க தப்பு, தெரியாத தண்ணியில குதிச்சதும் நீங்கதான், அதனால வேலைய விட வேண்டாம், விசிலக் கழட்டிக் குடுங்க என்றேன். கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் அதை வாங்கி நான் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த தடவை இத நான் ஊதறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் உங்கப்பா, புஷ்பவல்லி மாஸ்டர், புஷ்பவல்லி மாஸ்டர் என்று கேலி.

ஆனால் காரியத்தில் உங்கப்பாதான் உதவினார். அவர்கள் பேக்டரியில் வெடிமருந்து இருக்கிற கட்டடத்துக்குள் இத்தனை பேருக்கு மேல் போகக் கூடாது என்று வாசலிலேயே போர்டு இருக்கிறதே, அதே மாதிரி இந்தக் குளத்துக்கும் வேண்டும் என்று பெரிய டீச்சரிடம் உட்கார்ந்து பேசினார். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவரும் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கயிறு கட்டின பிறகுதான் முதல் கால் உள்ளே. காவல்காரருக்கு டீயை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. நீச்சல் சொல்லித்தர கோயமுத்தூரிலிருந்து தபித்தாள் என்று ஒரு பெண் வருவாள். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரில் விசில் சத்தம் கேட்டால் நிற்கக் கூடாது, கரைக்கு வந்து பெரியவர் கையைத் தொட வேண்டும், மேகத்தில் நிற்பதற்குக் கைமணி வாங்கிவிட்டார்கள். பெரிய டீச்சர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் அவரே வீடு வீடாக வந்து, மறைச்சது தப்புதானுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காக அவருக்கு நான் காபி கொடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் குறைவாக.

இந்த ஒரு மாசமாக நம் வீட்டில் விசில் பயிற்சி. நான் அடுப்படியிலிருந்து ஊதினால் பாப்பா எங்கே இருந்தாலும் வந்து என் கையைத் தொட வேண்டும். முதல் நாட்களில் நின்றுவிடுவாள், நானும் நின்று காத்திருப்பேன், போய்த் தொட மாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா. பிறகு மெதுவாக ஒரு அடி, இரண்டு அடி. கொஞ்ச நாளில் ஊதினால் பாப்பா வருவாள், லோயிஸ் வருவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், உங்கப்பா மூட்டுவலியோடு வந்து கையை நீட்டிக்கொண்டு, பலகாரம் ஏதாவது உண்டுங்களா மாஸ்டர் என்று நிற்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். புடவையோடு தண்ணீரில் இறங்கினால் காலைச் சுற்றும் என்று தபித்தாள் சொல்லிவிட்டாள், அதனால் அம்மாக்கள் எட்டுப் பேரும் அவரவர் வீட்டுக்காரருடைய பேக்டரி காக்கிப் பேன்ட், காக்கிச் சட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கினபோது குளத்துக்காரர் போலீஸ் வந்துவிட்டது என்று பயந்து கும்பிட்டார். இந்த வயதில் உன் அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள் ஏகநாதா, முதலில் படிக்கட்டுக் கம்பியை விடவேயில்லை, அப்புறம் விட்டேன், என்ன சுகம், உடம்பே பஞ்சாகிவிடுகிறது. சபாபதி சார் ரப்பர் டியூப் மாட்டிக்கொண்டு குட்டைப் பிள்ளைகளோடு படிக்கட்டுப் பக்கம் காலை உதைத்துக்கொண்டிருந்தார், சார் முட்டிய மடக்காதீங்க சார் என்று பிள்ளைகள் அவருக்குப் பாடம் நடத்தினார்கள். அவர் இறங்குவதற்கு முன் பாப்பாவிடம் வந்து, தோளைத் தொட்டு, லேட்டாயிருச்சு கண்ணு என்று மட்டும் சொன்னார்.

பாப்பா ரொம்ப நேரம் கரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. லோயிஸ் இறங்கினதும் இறங்கினாள். தபித்தாள் வயிற்றில் கை கொடுத்துத் தாங்கப் பிடித்து இரண்டு மணி நேரம் பழக்கினாள், மத்தியானத்துக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அகலவாக்கில்தான், நாய்க்குட்டி மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரும்போது தபித்தாள் அவள் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தபடி, என்னைப் பார்த்து இப்போது ஊதுங்க என்று சைகை காட்டினாள். நடுத் தண்ணீரில் என் பிள்ளை, என் கழுத்தில் அந்த விசில். வேண்டாம் என்று கூட நினைத்தேன். ஊதிவிட்டேன்.

ஒரு நொடி அவள் கை கால் எல்லாம் நின்றது. தபித்தாள் கையைக் கீழே கொண்டுபோனாள், கரையில் உங்கப்பா எழுந்துவிட்டார். அப்புறம் பாப்பாவின் கால் உதைத்தது, இன்னொரு தரம் உதைத்தது, தண்ணீரை இரைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பாலாமணி என்று கத்தினாள் பார், தோப்புக்கே கேட்டிருக்கும். உடனே கொஞ்சமும் தாமதிக்காமல் லோயிஸ் என்று ஒரு குரல். அதற்குப் பின்னால் யாரும் கிடையாதே, ஆனால் டியூபுக்குள்ளிருந்து சபாபதி சார் சபாபதி என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில், காக்கிச் சட்டையில், என் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி என்று கத்தினேன். என் பேரை நானே அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதனால் சாமி, கோபத்தை விட்டுவிடு. மூன்று வருஷமாகக் கடல் பக்கத்தில் இருந்துகொண்டு கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், உனக்கு வெட்கமாக இல்லையா. ஆழம் தெரியாத தண்ணீரில் ஆபீஸ் சிநேகிதர்கள் இழுத்தால் இறங்காதே, சொல்லித்தருகிற ஆளைப் பிடித்து முறையாகக் கற்றுக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியில் சாப்பிடுவதைக் குறை. கருணாகரனைப் பார்த்தால் மீதிக் கதையை நீ அவனுக்குச் சொல். நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல், கட்டிய வேட்டி கசங்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த முருகனை வேண்டிக்கொள்கிறேன், அப்பாவின் ஆசீர்வாதமும். லீவுக்கு வரும்போது உன் பழைய காக்கிப் பேன்ட்டை மறக்காமல் எடுத்து வா. இப்போது அடுப்பில் குக்கர் விசிலடித்தது, நான் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வாசற்படிக்குப் போயிருந்த பாப்பா நிற்கவில்லை, ப்ளம்ஸ் கொட்டையைத் துப்பிவிட்டு ஓடி வந்து, எழுதுகிற என் கையைத் தொட்டாள், இந்த வரியில் மை இழுத்திருப்பது அதனால்தான். வரிசையில் எனக்கு அடுத்த இடம் காலியாக இருக்கிறது, வந்து நின்று உன் பேரைச் சொல்.

இப்படிக்கு,
பாலாமணிக்கும் உனக்கும் அம்மா,
ஞா. புஷ்பவல்லி